மணல் போட்டு மூடியவர்

காலை ஐந்து ஐம்பது. மார்கழி. முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு வாளி.

திண்டிவனத்தில் நான் அப்போது குடியிருந்த நகரின் பூங்கா அது. நகர் என்றால் நான்கே தெருக்கள். மனை பிரித்தபோது ஒதுக்கிய இடத்தில், குடியிருப்போர் சங்கம் கம்பி வேலி போட்டு, எட்டு வடிவத்தில் ஒரு நடைபாதை, ஒரு சறுக்கு மரம், இரண்டு ஊஞ்சல் அமைத்திருந்தது. பிள்ளைகள் விழுந்தால் அடிபடக் கூடாதென்று ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் கீழே குழி எடுத்து ஆற்று மணல் கொட்டியிருந்தார்கள். அன்றைய பனியில் வேலி தெரியவில்லை. ஊஞ்சல் சங்கிலியும் தெரியவில்லை. தரைக்குச் சற்று மேலே அந்த வாளி மட்டும் தானாக நகர்ந்து வந்தது. பிறகு அதைப் பிடித்திருந்த கை தெரிந்தது. அப்புறம் ஒரு பழுப்பு ஸ்வெட்டர், தலையைச் சுற்றிக் கட்டிய துண்டு, கடைசியாக முகம்.

வாளியின் அடிப்பக்கம் உருண்டையாக இருந்தது. ரயில் நிலையச் சுவரில் தீயணைக்க வரிசையாகத் தொங்கும் வகை. தரையில் வைத்தால் நிற்காது. அவர் அதை மணல் குழிக்குள் அழுத்தி நிறுத்தினார். நடைபாதையில் நாய் போட்டிருந்ததை ஒரு கொட்டாங்குச்சியால் அள்ளிவந்து, குழியின் ஓரத்தில் கையகலப் பள்ளம் எடுத்து வைத்தார். இன்னொரு கொட்டாங்குச்சியால் வாளியிலிருந்து மணல் எடுத்து அதன்மேல் தூவினார். தூங்கும் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடும் நிதானத்தோடு ஓரங்களை ஒதுக்கிச் சமப்படுத்தினார். எழுந்தபோது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

நான் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஷூ போட்டுக்கினு இருக்கீங்க தம்பி, உங்களுக்குப் பேஜாரு இல்ல. வெறுங்கால்ல எட்டு போடுறவங்க இப்ப வந்துடுவாங்க.”

சர்க்கரை குறையும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு அந்த எட்டு வடிவப் பாதையில் சுற்றுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர்களுடைய பாதத்துக்காகத்தான் அவர் அவ்வளவு சீக்கிரம் வந்திருந்தார்.

முகத்தை வைத்து எனக்கு எதுவும் நினைவு வரவில்லை. மணல் விழுந்த விதத்தை வைத்துத்தான் வந்தது.

பத்திரிகையில் சேர்ந்த புதிதில், விழுப்புரம் ஜங்ஷனில் காத்திருப்பது என் வேலையில் பாதி. ஒரு மத்தியானம், தெற்கே போகும் வண்டிக்காக நின்ற ஓர் இளம் தாயின் குழந்தை நடைமேடையில் வாந்தி எடுத்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அந்தப் பெண் முகம் சிவந்துபோய், தன் முந்தானையாலேயே துடைக்கக் குனிந்தாள். பெண்கள் காத்திருப்பு அறையிலிருந்து நீலப் புடவை கட்டிய பணியாளர் ஒருவர் வந்தார். சுவரிலிருந்த சிவப்பு வாளியைக் கழற்றி மணலைத் தூவினார். “எழுந்திரும்மா. மூடியாச்சு, போ. யாரும் பார்க்கல,” என்றார்.

பார்த்தவர்கள் நிறைய பேர். நானே பார்த்தேன். ஆனால் அவர் சொன்ன பிறகு, யாருமே பார்க்காத ஒன்றாக அது ஆகிவிட்டது. மேலே ஓட்டின் கண்ணாடி வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. மணல் அந்த வெயிலில் மெதுவாக இறங்கியது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு வண்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். எந்த வண்டி என்பது மறந்துபோய்விட்டது.

தீ வாளி மணலை இப்படிச் செலவழிப்பது பற்றி அதிகாரி ஒருவர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டாராம், தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று. “தீ என்னைக்கோ ஒரு நாள் புடிக்கும் சார். வாந்தி டெய்லி வருது,” என்று இவர் சொன்னது ஜங்ஷனில் பல வருடம் சிரித்துக்கொண்டு சொல்லப்பட்ட பதில். பழைய வாளிகளைக் கழித்தபோது ஒன்றை ஏலத்தில் எடுத்துக்கொண்டார். அதே வருடம் ஓய்வு. “எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் கழிச்சாங்க தம்பி,” என்றார் என்னிடம்.

பூங்காவில் எல்லோருக்கும் அவர் ரயில்வே அக்கா.

பனி விலகும் நேரத்தில் நாய்களோடு வருகிறவர்கள் வருவார்கள். அவர்களில் முக்கியமானவர் ஜவுளிக் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருந்த ஒரு பெரியவர். லேப்ரடார் வைத்திருந்தார், பெயர் ஜிம்மி. ஜிம்மி பாதையின் நடுவில் முதுகை வளைத்தால், அவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். “எங்க ஜிம்மிக்கு அக்காவைப் பார்த்தாத்தான் வருது,” என்பார். அக்காவும் சிரிப்பார். சறுக்கு மரத்துக்குப் பின்னால் ஒரு தெரு நாய் வருடத்துக்கு இரண்டு தடவை குட்டி போடும். குட்டிகள் மணலின் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கும். அவற்றினுடையதையும் அவர்தான் மூடுவார். அவருக்கு நாய் பிடிக்காது, வெறுப்பும் இல்லை. தரையில் ஒன்று திறந்து கிடப்பதுதான் பிடிக்காது.

வீட்டுக்குப் போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒட்டினாற்போல் இரண்டு போர்ஷன் உள்ள வீட்டில் ஒரு போர்ஷன் அவருடையது. மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, ரிமோட்டுக்குப் பாலித்தீன். தண்ணீர்க் குடத்தின்மேல் தட்டு, தட்டின்மேல் டம்ளர், டம்ளருக்கு ஒரு மூடி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாம் தண்ணீர் குடிக்கக் கையெடுத்தால், அதற்குள் சோற்றின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவிடுவார். கல்யாணப் படத்துக்கும் பூவேலை செய்த ஒரு துணி தொங்கியது. கணவர் துபாயில் இருப்பதாகச் சொல்வார். அவர் பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில், கோட்டக்குப்பத்தில், வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். “இன்னும் லீவு கெடைக்கலியா அவருக்கு?” என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். “முதலாளி உடமாட்டேங்கிறாராம்,” என்பார். கேட்டவர்கள் தலையாட்டிக்கொள்வார்கள். அந்தத் துணியை ஒருவரும் தூக்கிப் பார்த்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் கடைசிப் பகுதியில் மாதா கோயிலில் சுரூபங்களுக்கெல்லாம், அதாவது சிலைகளுக்கெல்லாம், ஊதாத் துணி போர்த்துவார்கள். பாடுகளின் வாரம் முடிந்து ஈஸ்டர் இரவில்தான் அவிழ்ப்பார்கள். அவருடைய பங்குக் கோயிலில் அந்தத் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஏணி வைத்துக் கட்டுவது பல வருடமாக அவர் பொறுப்பு. நான் ஒரு முறை படம் எடுக்கப் போயிருந்தேன். மாதாவின் முகத்தை மூடுவதற்குமுன் துணியைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மூடினார். கழுத்தில், இடுப்பில், பாதத்தில் நாடா கட்டினார். முடிந்ததும் கோயில் முழுக்க ஊதா நிறத்தில் ஆட்கள் நிற்பது போலிருந்தது. யாரென்று சொல்ல முடியாது. அவிழ்ப்பது யார் என்று கேட்டேன். “அதுக்கு வேற ஆளு இருக்காங்க தம்பி. நம்ம வேலை மூடுறது.”

அடுத்த போர்ஷனில் ஓர் இளம் தம்பதி. கணவர் சென்னையில் கார் ஓட்டினார், வாரம் ஒரு முறை வருவார். மனைவி விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அவர்களுடைய நான்கு வயது மகளைப் பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை வைத்திருந்தவர் இவர்தான். கேட்டுக்கொண்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் குழந்தை இந்தப் பக்கம் வந்து தூங்கிவிட்டது, போர்வையைப் போர்த்திவிட்டார், அவ்வளவுதான். பாப்பா அவரை ரயிலம்மா என்று கூப்பிடும்.

மாலைகளில் அவர் பாப்பாவைப் பூங்காவுக்குக் கூட்டிவருவார். நாய்கள் பக்கம் விடமாட்டார். ஜிம்மி முகர வந்தால்கூட முந்தானையால் குழந்தையை மறைத்துக்கொள்வார். மணல் குழிதான் பாப்பாவின் இடம். மடியில் கொண்டுவந்த மல்லாட்டையை, தோலோடு இருக்கும் வேர்க்கடலையை, ஒவ்வொன்றாக மணலில் புதைத்து, கொட்டாங்குச்சியால் மணல் தூவி, ஓரங்களை ஒதுக்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொல்லும்: “மூடியாச்சு, போ.” கொஞ்ச நேரம் போனதும் அறுவடை. தோண்டி எடுத்து, தோலை உரித்து, வாயில் போட்டுக்கொள்ளும்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரிப்போம். வேப்ப மரத்து நிழல் நீண்டு மணல் குழியை மூடும் நேரம் அது. மாலை ரயில் ஒன்று தூரத்தில் கூவிக்கொண்டு போகும். பாப்பாவின் விரல்களில் ஈர மணல் ஒட்டியிருக்கும். அதை முந்தானையால் தட்டிவிட்டு, அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்வார். அந்த மாலைகளை நினைத்தால் ஒரு சத்தமும் கேட்பதில்லை, ரயிலைத் தவிர.

குடியரசு தினத்தன்று சங்கத்தார் அவருக்குச் சால்வை போட்டார்கள். ஜவுளிக்காரர் பேசினார். வெளிநாட்டிலெல்லாம் இதற்கு மெஷின் இருக்கிறது, நமக்கு அக்கா இருக்கிறார் என்றார். கைதட்டினார்கள். சால்வையோடு வாளியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கும் படம் மாவட்டப் பக்கத்தில் பெட்டிச் செய்தியாக வந்தது.

அந்தச் சமயத்திலேயே பாப்பா டிவி பார்க்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கத் தொடங்கியிருந்தது. செல்லம் என்று நினைத்தார்கள். பிறகு, செல்போனில் எடுத்த ஒரு படத்தில் இடது கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாக ஒரு மினுக்கு தெரிந்தது. வலது கண்ணில் இல்லை. அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, லீவு போட்டுக்கொண்டு புதுச்சேரிப் பக்கம் ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். துணைக்கு ரயில்வே அக்கா போனார். அங்கே நடந்ததை அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

மருத்துவர் இளம் பெண். கண்ணுக்குள் ஒரு புழுவின் குஞ்சு போய்த் தங்கி, அதைச் சுற்றிக் கட்டியாகித் தழும்பு விழுந்திருக்கிறது என்றார். நாயின் குடலில் இருக்கும் புழு. அதன் முட்டை நாயின் கழிவோடு வெளியே வரும், குட்டிகளிடம் அதிகம். முட்டை கண்ணுக்குத் தெரியாது. மண்ணில் சில வாரம் கிடந்த பிறகுதான் அது ஆளைப் பிடிக்கும். கையில் ஒட்டி, வாய்க்குள் போய், குடலைத் தாண்டி, உடம்பில் எங்கே வேண்டுமானாலும் போகும். பாப்பாவுக்குக் கண்ணுக்குப் போயிருக்கிறது. வீக்கம் குறைய மருந்து கொடுக்கலாம். தழும்பு விழுந்த இடத்தில் பார்வை திரும்பாது.

வீட்டில் நாய் உண்டா என்று கேட்டார் மருத்துவர். இல்லை என்றார் அம்மா. சற்று யோசித்துவிட்டு, பொங்கலுக்கு முகையூரில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே குட்டிகள் இருந்தன என்றார். இருக்கலாம் என்றார் மருத்துவர். எங்கிருந்து வந்தது என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மணலைப் போட்டு மூடிட்டா, அது செத்துடுமா டாக்டர்?”

“வெயில்ல காய்ஞ்சு கெடந்தா சாகும்மா. மூடி, ஈரமா நெழல்ல இருந்தா, மாசக் கணக்கா உயிரோட இருக்கும். சில சமயம் வருஷக் கணக்கா.”

கடற்கரைச் சாலை வழியாகச் சுற்றித் திரும்பும் பேருந்தில் பாப்பா அவர் மடியிலேயே தூங்கியது. ஜன்னலில் உப்பளங்கள் வெள்ளையாகப் போய்க்கொண்டேயிருந்தனவாம். அவ்வளவு வெள்ளையை அவர் அதற்குமுன் பார்த்ததில்லையாம்.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. முகையூர்க் குட்டிகள்தான். அன்று இரவே மாமியாருக்குப் போன் போட்டார். போர்ஷன்களுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர், எல்லாம் கேட்கும். இனி அந்த வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றார். பேத்தி என்று சொல்லிக்கொண்டு யாரும் வரவேண்டாம் என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மறுமுனையில் மாமியார் அழுவதும் கேட்டது. வார இறுதியில் வந்த கணவர் ஒரு வார்த்தை தன் தாய்க்காகப் பேசினார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் வரவில்லை.

இந்தப் பக்கம் பாப்பா வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சோற்றைத் தட்டின் இடது ஓரத்தில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தது.

அக்காவுக்கு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இதை அவர் மூடவே வேண்டாம். ஏற்கெனவே இன்னொருவர் பெயரால் மூடிக் கிடந்தது. பேசாமல் இருந்தால் பாப்பா நாளைக்கும் வரும், மறுநாளும் வரும். பேசினால் வராது. அந்த நாட்களில் பூங்காவில் வாளியைக் காணோம். உடம்பு சரியில்லை என்று சொன்னார்கள். ஜவுளிக்காரர், ஜிம்மி முதுகை வளைத்த இடங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

ஊதாத் துணி கட்டும் சனிக்கிழமை வந்தது. கட்டினார். உடனிருந்த இன்னொரு பெண் பிறகு என்னிடம் சொன்னது: மாதா சுரூபத்துக்குக் கட்டி முடித்துவிட்டு ஏணியில் அப்படியே நின்றாராம். மயக்கமா என்று கேட்டு அந்தப் பெண் ஏணியைப் பிடித்திருக்கிறார். “இல்ல. மூடினா யாருன்னு தெரியலியேன்னு பார்த்தேன்,” என்றாராம்.

திங்கட்கிழமை காலை நான் பூங்காவுக்குள் நுழைந்தபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது. எட்டு போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். ரயில்வே அக்கா இரண்டு கையிலும் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, மம்பட்டியால் மணல் குழியை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டியதை நடைபாதையில், பழைய செய்தித்தாள்களின்மேல், வெயிலில் பரப்பிக்கொண்டே போனார். எட்டின் ஒரு பாதி நிறைந்துவிட்டிருந்தது. புதைத்ததெல்லாம் இருந்தது, காய்ந்தது, காயாதது, மண்ணோடு மண்ணாகிவிட்டது. நடுநடுவே மல்லாட்டைத் தோல்.

“இன்னாக்கா இது, காலங்காத்தால,” என்றார் ஜவுளிக்காரர். “மூடுங்கக்கா. பசங்க வர்ற நேரம்.”

“மூட மாட்டேன். இங்க எந்தப் பசங்களும் வரக் கூடாது.”

“எங்க ஜிம்மிக்கு ஊசியெல்லாம் போட்டிருக்கு.”

“ஜிம்மிய யாரு இன்னா சொன்னாங்க? அது வாயில்லாதது. அள்ளிப் புதைச்சது நானு.”

அந்த நேரத்தில்தான் அம்மா வருவார் என்பது அவருக்குத் தெரியும். பாப்பாவைப் பள்ளியில் விடுவதற்குப் போகும் வழி பூங்கா வேலியை ஒட்டியது; அங்கிருந்து அவர் ஸ்டேஷனுக்குப் போவார். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

அக்கா மம்பட்டியை ஊன்றிக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“உன் மாமியாரு வூட்டுக் குட்டிங்க இல்லம்மா. டாக்டரு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. இத்தனை வருஷமா எல்லா நாய் போட்டதையும் இதுலதான் அள்ளிப் புதைச்சேன். இதுலதான் பாப்பாவ உக்கார வச்சேன். இதுலேந்து எடுத்துத்தான் அது தின்னுது, நான் பார்த்துக்கினே இருந்தேன்.”

அம்மா நடைபாதையில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தார். அதில் மல்லாட்டைத் தோலைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

“அந்தக் குட்டிங்கள எங்க மாமியாரு கோணியில கட்டிக்கினு போயி மண்டகப்பட்டு ஊராண்ட உட்டுட்டு வந்துட்டாங்க. நான் சொன்னேன்னு.”

பாப்பா, ரயிலம்மாவைப் பார்ப்பதற்காகத் தலையை முழுவதும் திருப்பியது. அம்மா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். பள்ளிப் பக்கம் போகவில்லை, ஸ்டேஷன் பக்கம் போனார். குழந்தையையும் கூட்டிக்கொண்டே அன்று வேலைக்குப் போய்விட்டார்.

அந்த மாதத்துக்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு விழுப்புரத்துக்குப் போனார்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள முகையூரிலிருந்து மாமியார் வந்து உடன் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

மணலைக் காயவைத்த மறுநாள் அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இதைப் பேப்பரில் எழுத வேண்டும் என்றார். மற்ற ஊர்களிலும் மணல் குழி இருக்கும், மற்ற ஊர்களிலும் யாராவது ஒருத்தர் மூடிக்கொண்டிருப்பார்.

“என் பேரு, ஃபோட்டோ ரெண்டும் போடுங்க. சால்வ போட்டப்ப போட்டாங்க இல்ல?”

எழுதினேன். கால்நடை மருத்துவர் ஒருவரைக் கேட்டு, நாய் வளர்ப்பவர்கள் கழிவைப் பையில் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும், குட்டிகளுக்குப் புழு மருந்து கொடுக்க வேண்டும், பிள்ளைகள் மண்ணில் விளையாடியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், விளையாட்டு மணலை இரவில் மூடுதுணி போட்டு நாய் வராமல் காக்க வேண்டும் என்பதையெல்லாம் சேர்த்தேன். பெயரும் படமும் இருந்தன. அச்சுக்குப் போவதற்குமுன் பாப்பாவின் அம்மா போன் செய்தார். அவருக்கு எப்படித் தெரிந்ததென்று நான் கேட்கவில்லை.

“அவங்க பேரு வந்தா எம் பொண்ணு யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும் சார். அவளுக்கு நாளைக்குப் படிப்பு, கல்யாணம்னு எல்லாம் இருக்குது. வேணாம் சார்.”

திண்டிவனத்தைச் சேர்ந்த ஒரு பெண் என்று மட்டும் வந்தது. இதிலும் பெயர் இல்லாததற்கு அதுதான் காரணம்.

அக்கா பேப்பரைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “நீங்களும் மூடிட்டீங்க தம்பி,” என்றார். கோபம் இல்லை. பூங்காவில் பின்பு மணலையெல்லாம் அள்ளிப்போட்டுவிட்டு ரப்பர் விரிப்பு போட்டார்கள். ஜவுளிக்காரர் இப்போது கையில் கேரி பேக்கோடு ஜிம்மியின் பின்னால் நடக்கிறார்; யாராவது பார்த்தால் பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்.

அடுத்து நான் அக்கா வீட்டுக்குப் போனபோது குடத்தின்மேல் தட்டு இருந்தது, மிக்ஸிக்கு உறை இருந்தது. கல்யாணப் படத்தின்மேல் துணி இல்லை. அவர் கணவர் மீசை வைத்தவர், சற்றுக் குள்ளம். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “கோட்டக்குப்பத்துல இருக்காரு,” என்றார். சிவப்பு வாளி தோட்டத்தில் கவிழ்ந்து கிடந்தது. கவிழ்த்து வைத்தாலாவது நிற்கிறது.

கடைசியாக அவரைப் பார்த்தது இந்த வருடம், விழுப்புரம் ஜங்ஷனில். வெயில் சாயும் நேரம். மேலே ஓட்டின் கண்ணாடி மாறவேயில்லை. அதே வெளிச்சம் அதே இடத்தில் விழுந்திருந்தது. பாப்பாவை மாதத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனைக்குப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போகிறார்கள். மறுநாள் காலை பார்ப்பதற்காக முந்தின மாலையே பாசஞ்சரில் கிளம்பி, அங்கே உறவுக்காரர் வீட்டில் தங்குகிறார்கள். கிளம்பும் நாளை அம்மா அக்காவுக்குப் போனில் சொல்கிறார். அதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அக்கா திண்டிவனத்திலிருந்து மத்தியானமே வந்து, தான் வேலை பார்த்த காத்திருப்பு அறையின் வாசலில், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். யாருக்காகவும் எழுந்திருப்பதில்லை.

அன்று அம்மா தூரத்துத் தூணருகே நின்று, குழந்தையின் கையை விட்டார். பாப்பா உயரமாகிவிட்டிருந்தது. கூட்டத்துக்குள் தலையை வலமும் இடமும் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்து, பெஞ்சின் முனையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. அக்கா மடியில் அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். அது அப்படியே திறந்திருந்தது. பையிலிருந்த பாட்டில் தண்ணீரால் பாப்பாவின் கைகளை ஒவ்வொரு விரலாகக் கழுவி, தன் முந்தானையில் துடைத்தார். பிறகு எழுந்து, சுற்றிக்கொண்டு போய், பாப்பாவுக்குக் கண் தெரியும் வலது பக்கத்தில் உட்கார்ந்தார்.

அம்மா தூணருகிலேயே நின்று வண்டி வரும் திசையைப் பார்த்தார்.

அன்று புதுச்சேரி பாசஞ்சர் அரை மணி நேரம் தாமதம்.